கொல்லைக் கோழியின் கணக்கு

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். நாமக்கல் பண்ணைகளில் கூண்டுக்குள் நிற்கும் லெகார்ன் வழிக் கோழி 300-க்குக் குறையாமல் இடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பது நட்டக் கணக்குதான். ஆனால் பண்ணைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் தீவனம் போட வேண்டும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த அந்தத் தீவனத்துக்கே பண்ணைச் செலவில் பெரும்பங்கு போய்விடுகிறது. கொல்லையில் மேயும் கோழிக்கு அது வேண்டியதில்லை. புடைத்தபோது சிந்திய நொய், மிஞ்சிய சோறு, கீரைக்காம்பு, ஈரமண்ணைக் கிளறினால் கிடைக்கும் புழு, கிணற்றடிக் கரப்பான் என்று வீட்டில் எதற்கும் உதவாததைத் தின்று அது முட்டையாக்கித் தருகிறது. சிக்கனக் குடும்பத்துக்குக் கோழி பொருந்தியது இதனால்தான். மளிகைக்கடையில் தீவனம் வாங்கத் தொடங்கினால் கணக்கு மாறிவிடும்.

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் முட்டை ரேஷனுக்கு வந்தது. ஆளுக்கு வாரம் ஒன்று என்பதே பொதுவான அளவு. வீட்டில் கோழி வளர்த்தவர்கள் அந்த ரேஷன் முட்டையை விட்டுக்கொடுத்தால், பதிலுக்குக் கோழித் தீவனம் வாங்கிக்கொள்ளலாம். அடுக்களைக் கழிவை வேகவைத்து அத்துடன் கலந்து போட்டார்கள். கோழி கிடைப்பது எளிது, தீவனம்தான் அரிது என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது.

தீனி தானாகக் கிடைப்பதைப் பார்த்தால், சென்னை மயிலாப்பூரில் கோழிக்கு ஏற்ற இடமாக இருந்தது கடலோரம். நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் வாசலும் மணலும் இருந்தவரை கோழிக்குத் தீனியைத் தேடித் தர வேண்டியதே இல்லை. மீன் ஆய்கிற இடத்தில் விழும் செதிளும் குடலும் நல்ல புரதம்; தீவன ஆலைகள் மீன்தூள் என்று காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பதும் இதைத்தான். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் கோழியின் உடம்பிலிருந்து போகிறது. கரையில் கிடக்கும் கிளிஞ்சலை இடித்துத் தூவினால் அந்தக் குறை தீரும். இறகில் ஒட்டும் பேனை உதிர்க்கக் கோழி புழுதியில் புரள வேண்டும்; அதற்குக் காய்ந்த மணல் போதும். மீன் கழிவை மட்டுமே தின்றால் முட்டையில் கவிச்சை ஏறுவதுண்டு. தவிடும் கீரையும் கலந்து போட்டால் குறையும்.

குடிசைகளுக்குப் பதில் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிகள் எழுந்தபோது வாசல் சுருங்கியது. 1970-ல் தொடங்கிய அந்த வாரியம்தான் இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். மழை, தீ, கடல் மூன்றிலிருந்தும் மனிதரைக் காத்ததில் அந்தக் கட்டடங்களுக்குப் பங்குண்டு. கோழிக்கு மூன்றாம் மாடியில் ஒன்றுமில்லை. 2024-ல் கடலோர லூப் சாலையில் மீன் அங்காடி திறந்த பிறகு, சாலையோரம் நடந்த மீன் விற்பனைக்கும் கூரை வந்துவிட்டது.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளின் கதை வேறு. அங்கே பல வீடுகளில் முட்டை சமையலறைக்கே வராது. கோழி வளர்க்கும் பேச்சும் எழுந்ததில்லை. கோயிலில் சிங்காரவேலர் என்ற பெயரில் முருகனுக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. முருகன் கொடியில் சேவலுக்கு இடமுண்டு, கோயிலைச் சுற்றிய வீடுகளில் பெட்டைக்கு இடமில்லை. லஸ்ஸிலும் சாந்தோமிலும் தோட்டத்தோடு இருந்த தனி வீடுகளில் சிலர் வளர்த்தார்கள். அந்த வீடுகளும் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாகிவிட்டன.

நாட்டுக்கோழியில் உருவம் சிறுத்ததைச் சிறுவிடை என்றும் பெருத்ததைப் பெருவிடை என்றும் சொல்வார்கள். வீட்டு முட்டைக்குச் சிறுவிடையே நல்லது. குறைவாகத் தின்னும், ஒழுங்காக அடைகாக்கும். முட்டையிடச் சேவல் தேவையில்லை என்பது நகரத்தார் பலருக்குத் தெரியாது. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். விடியுமுன் கூவிப் பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் இருக்க, நெருக்கமான தெருவில் பெட்டைகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. குஞ்சு பொரிக்க விரும்பினால் கருவுற்ற முட்டையை வெளியில் வாங்கி அடை வைக்கலாம்.

அடை வைப்பதில்தான் இந்த வளர்ப்பின் அருமை இருக்கிறது. பண்ணைக்கோழிக்கு அடைகாக்கும் குணம் தேர்வு இனப்பெருக்கத்தில் கழிந்துபோயிற்று. அடுத்த தலைமுறைக்கு அது குஞ்சுப்பொரிப்பகத்தை நம்பியிருக்கிறது. நாட்டுக்கோழிக்கு யாரும் வேண்டாம். 12 முதல் 15 முட்டை இட்டு முடித்ததும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டைவிட்டு எழ மறுக்கும். கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் பத்துப் பன்னிரண்டு முட்டையை வைத்து உட்கார வைத்தால் 21-ஆம் நாள் பொரியும். கரித்துண்டு, இரும்புத்துண்டு, காய்ந்த மிளகாய் மூன்றையும் கூடையில் போடுவது கிராமத்து வழக்கம். இடி மின்னலால் முட்டை கெடாது என்பார்கள். போட்டதால் பொரிந்ததா என்று எவரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நிச்சயமாகப் பயன்படுவது வேறு. அடைக்குச் சேர்க்கும் முட்டையைச் சென்னை வெயிலில் வெறுமனே வைத்தால் கரு கெடும். ஈரமணல் நிரப்பிய சட்டியில் வைத்து நனைத்த துணியால் மூடிவிட வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் விளக்குக்கு முன் பிடித்தால் கருவுள்ளதில் நரம்போட்டம் தெரியும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம்.

பொரிந்த பிறகு தாய் இரண்டு மாதமாவது குஞ்சோடு திரியும், அதுவரை முட்டை இல்லை. ஆண்டுக்கு 60, 80 என்ற கணக்கு வருவது இதனால்தான். அடையை உடனே கலைத்தால் சில வாரங்களில் மீண்டும் இடத் தொடங்கும். கலைப்பதற்காக மூக்கில் இறகு செருகுவது கொடுமை. வெளிச்சமான இடத்தில் கூடும் மணலும் இல்லாமல் நாலைந்து நாள் விட்டாலே போதும். குஞ்சுகளுக்குக் காக்கை, பருந்து, பூனை, பெருச்சாளி நாலும் எமன். முதல் மாதம் பகலில் தாயோடு சேர்த்துப் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைப்பது அவசியம்.

வெளிநாட்டுக் கையேடுகளில் குளிர்காலத்தில் முட்டை நின்றுவிடும் என்று இருக்கும். கோழியின் முட்டையோட்டம் பகல் நீளத்தைப் பொறுத்தது. சென்னையில் மார்கழிப் பகலும் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. இங்கே தொந்தரவு கத்திரி வெயில்தான். வெயில் ஏறினால் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீனி குறையும், ஓடு மெலியும். நிழலும் அடிக்கடி மாற்றிய தண்ணீரும் இருந்தால் சமாளிக்கும்.

நோயில் பெரியது வெள்ளைக்கழிச்சல். உத்தராகண்டின் ராணிக்கேத் ஊரின் பெயரால் ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். ஒரு கோழிக்கு வந்தால் தெரு முழுக்கப் போகும். வந்தபின் மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கானது. கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நாலு கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மிச்சம் குப்பைக்குப் போகும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே நாளில் போடுவதோ, அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவதோ நல்லது.

மயிலாப்பூருக்கு அடுத்த நந்தனத்தின் பெயர் கோழி வளர்ப்போரிடையே தமிழ்நாடு முழுக்கப் பரிச்சயம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் முன்பு அங்கே இருந்தது. இப்போது அது மாதவரத்தில். புறக்கடை வளர்ப்புக்கென அது உருவாக்கிய நந்தனம் கோழி நாட்டுக்கோழியைப் போலவே பலநிறத்தில் இருக்கும், முட்டை அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஐதராபாத்தின் வனராஜா, கிராமப்ரியா போன்றவையும் இந்த வகை. ஆனால் இவற்றுக்கு மேய்ச்சலோடு கைத்தீவனமும் வேண்டும், அடைகாப்பதையும் நம்ப முடியாது. கோழியைத் திரும்பத் திரும்ப வாங்க மனமில்லாதவருக்குச் சிறுவிடையே சரி.

நாட்டு முட்டைக்குச் சத்து அதிகம் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கருவின் செம்மஞ்சள் நிறம் கோழி தின்ற கீரையிலிருந்து வருவது. அன்றைக்கு இட்டதை அன்றைக்கே சாப்பிடுவதன் சுவை மட்டும் உண்மை.

நான்கு சிறுவிடைகள் ஆண்டுக்கு 280 முட்டை தரலாம், வாரத்துக்கு ஐந்தாறு. நான்கும் நாளுக்கு 350 கிராம் தின்னும் என்று வைத்தால் மாதம் பத்துக் கிலோவுக்கு மேல். இதில் பாதிக்கு மேல் வீட்டு மிச்சத்திலும் மேய்ச்சலிலும் கிடைக்கிற இடத்தில் கோழி லாபம். எல்லாவற்றையும் கடையில் வாங்க வேண்டிய பால்கனியில், கூட்டின் விலை, எச்சத்தின் நாற்றம், குடியிருப்போர் சங்கத்தின் புகார் எல்லாம் சேர்த்து ஒரு முட்டை அங்காடி விலையைவிடப் பல மடங்காகும். அப்படி வளர்ப்பவர் ஆசைக்காக வளர்க்கலாம், சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு சென்ட் கொல்லையாவது மிஞ்சியிருக்கிறவர்கள் இரண்டு வெடைக்கோழியில் தொடங்கலாம். மற்றவர்கள் காய்கறிக் கழிவையும் மிஞ்சிய சோற்றையும் கோழி வளர்க்கும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே முட்டை வாங்கிக்கொள்ளலாம். இருவருக்கும் செலவு குறையும்.