பூனைக்கு நன்றி இல்லையா?

"நாய்க்கு நன்றி உண்டு, பூனைக்கு இல்லை" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நாய் ஆளை நம்பி இருக்கும், பூனை வீட்டை நம்பி இருக்கும் என்றும் சொல்வார்கள். 2008 இல் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அதைக் கண்ணாலும் கண்டோம். சாமான் ஏற்றிய உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நாய் கனதூரம் ஓடி வந்தது. பூனை கூரையில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு 13 வருடம் இன்னொரு பூனையோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டேன். அந்தப் பழைய கதையில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. பூனைக்கு ஒரு பேச்சு இருக்கிறது. வாயால் பேசுவது குறைவு. வாலாலும் காதாலும் கண்ணாலும் பேசுவதுதான் கூட.

2010 இன் கடைசியில் செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பினோம். நான், 7 வயது மகள், மாமி மூன்று பேரும். மகளின் தகப்பனை 2009 இல் இழந்திருந்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டோம். நிவாரணமாகக் கிடைத்த அரிசி மூட்டையையும் மா மூட்டையையும் எலிகள் இரவோடு இரவாக ஓட்டை போட்டுவிடும். எலிக்காய்ச்சல் பயம் வேறு. "ஒரு பூனை இருந்தா நல்லம் பிள்ளை" என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். அயலில் ஒரு அண்ணை பற்றை வெட்டும்போது இடிந்த வீடொன்றுக்குள் ஒரு குட்டியைக் கண்டு பிடித்து, உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் வரி, மூன்று நாலு மாதம் இருக்கும். பெட்டைக் குட்டி. மாமி மீனாச்சி என்று பெயர் வைத்தார்.

பையை அவிழ்த்ததும் அது அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஓடிப் பதுங்கியதுதான், ஐந்து நாள் வெளியே வரவில்லை. ரோச் லைற் அடித்துப் பார்த்தால் கால்களை உடம்புக்குக் கீழே மடக்கி, வாலை உடம்போடு இறுகச் சுற்றி, காது இரண்டையும் பக்கவாட்டில் சரித்து, கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாக இருக்கும். கிட்டப் போனால் சீறும். சீறுகிற பூனை கோபக்காரப் பூனை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது பயந்த பூனை. "கிட்ட வராதே" என்பதைத் தவிர அதற்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பூனைக்குட்டி பிறந்து 2 கிழமைக்கும் 7 கிழமைக்கும் இடையில் மனிதர் கை பட்டு வளர்ந்தால் பிறகு மனிதரோடு இலகுவாகப் பழகும். அந்த நாட்கள் தவறிவிட்டால் பழக்கம் மெதுவாகத்தான் வரும். மீனாச்சி பிறந்தது சனம் இல்லாத ஊரில். மனிதரைப் பழகவேண்டிய கிழமைகளில் அங்கே மனிதர் இருக்கவில்லை. ஊரை விட்டுப் போனவர்களில் நாங்களும் சேர்த்தி.

மகளுக்கு அதைத் தூக்கவேண்டும் என்று ஆசை. மூட்டைக்கு முன்னால் குந்திக்கொண்டு "வா, வா" என்று கூப்பிட்டபடி இருப்பாள். மாமிதான் சொன்னார்: "மோளே, அதைப் பாராத. நீ பாக்கப் பாக்க அது உள்ளுக்கதான் போகும். சோத்தை வைச்சுப்போட்டு உன்ர பாட்டில விளையாடு." சிரட்டையில் சோறும் சூடைமீன் தலையும் பிசைந்து வைப்போம். பகலில் தொடாது. விடிய எழும்பிப் பார்த்தால் சிரட்டை நக்கித் துடைத்திருக்கும். பழைய மட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை வெட்டி, என் பழஞ்சீலை ஒன்றையும் உள்ளே போட்டு மாமி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் நாள் அது பெட்டிக்குள் மாறிவிட்டது.

மாமி எங்கே படித்தார் என்று தெரியாது. ஆனால் 2014 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விலங்குக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளிந்துகொள்ள மட்டைப்பெட்டி கொடுத்தார்கள், மற்றப் பகுதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளுக்கு மூன்று நாலு நாளிலேயே பதற்றம் தணிந்தது. மற்றவற்றுக்குக் கூட நாள் எடுத்தது. இந்தத் தகவல்களை எனக்குத் தேடித் தருவது என் மகள். அவள் இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிறாள். மாமி இன்றில்லை. இருந்திருந்தால், "உதுக்கும் ஆராய்ச்சியோ?" என்று கேட்டிருப்பார்.

ஆறாம் நாள் காலை நான் அடுப்படியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மீனாச்சி பெட்டியை விட்டு வெளியே வந்து, வாலை நேரே மேலே உயர்த்தி, நுனியை மட்டும் கொக்கி போலச் சற்று வளைத்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தது. நான் அசையவில்லை. என் காலில் கன்னத்தை ஒருமுறை தேய்த்துவிட்டுப் போய்விட்டது.

இந்த வால்தான் முதலில் கவனிக்கவேண்டியது. குட்டிகள் தாயிடம் போகும்போது வாலை இப்படி உயர்த்தும். வளர்ந்த பூனை தனக்கு வேண்டியவர்களைக் கண்டால் அதையே செய்யும். "நட்போடு வருகிறேன்" என்பது அதன் பொருள். கன்னம் தேய்ப்பதற்கும் பொருள் உண்டு. பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வால் அடியிலும் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த மணம் நமக்குத் தெரியாது. தேய்த்துவிட்டுப் போகும்போது தன் மணத்தை நம்மில் விட்டு, நம்மையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. பசிக்காகத்தான் காலைச் சுற்றுகிறது என்று சொல்பவர்கள், வயிறு நிரம்பிய பிறகும் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்க்கலாம்.

ஆனால் பூனை வயிற்றைக் காட்டிப் புரண்டால் தடவலாம் என்று எண்ணவேண்டாம். தன் உடம்பில் மென்மையான இடத்தைக் காட்டும் அளவுக்கு நம்மை நம்புகிறது, அவ்வளவுதான். தொடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருநாள் கையை வைத்துவிட்டு, "உங்கட பூனை சும்மா விறாண்டிப்போட்டுது மாமி" என்று அழுதுகொண்டு வந்தான். பூனை சும்மா விறாண்டுவதில்லை. முதலில் வால் நுனி துடிக்கும். பிறகு வால் முழுவதும் இப்படியும் அப்படியுமாக நிலத்தில் அடிக்கும். நாய் வாலாட்டினால் சந்தோசம், பூனை வாலடித்தால் எரிச்சல். பிறகு காதுகள் பின்பக்கம் திரும்பும், முதுகுத் தோல் சிலிர்க்கும், தலை திரும்பிக் கையைப் பார்க்கும். இவ்வளவும் சொன்ன பிறகுதான் நகம் வரும். தடவிக்கொண்டிருக்கும்போது வால் அசைந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது திரும்ப வரும்.

பெடியனின் கையைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி, ஆசுப்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனோம். விசர்நோய் பூனையாலும் வரும். கடியையும் கீறலையும் சின்னது என்று விடக்கூடாது. அரச ஆசுப்பத்திரியில் தடுப்பூசி இலவசம். பூனைக்கும் ஒவ்வொரு வருடமும் ஊசி போட்டுவிடுங்கள். இன்னொன்று, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பூனையின் மலத்தை அள்ளுவதை வேறு யாரிடமும் விடுவது நல்லது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கருவைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையைத் துரத்தவேண்டியதில்லை. தோட்டத்தில் கை வைத்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். முகாமால் வந்த பிறகு மகள் யாரையும் நேரே பார்க்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கூப்பிட்டாலும் தலை நிலத்தைத்தான் பார்க்கும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என் சீலைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துவிடுவாள். "பிள்ளை ஏன் பேசுதில்லை?" என்று வந்தவர்கள் குனிந்து முகத்தைத் தேடுவார்கள். தேடத் தேட அவள் இன்னும் உள்ளே போவாள். அவளும் மீனாச்சியும் மட்டும் பின்னேரங்களில் விறாந்தையில் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். ஒருநாள் பார்க்கிறேன், மீனாச்சி அவளைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடி மெதுவாகத் திறக்கிறது. அவளும் அப்படியே செய்கிறாள். திரும்பவும் அது செய்கிறது. நித்திரை வருகிறதாக்கும் என்று நினைத்தேன். "இல்லையம்மா, நாங்கள் கதைக்கிறம்" என்றாள்.

2020 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வளர்ப்பவர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் கண்ணைச் சுருக்கிப் பதில் சொல்கிறது. பழக்கமில்லாத ஒருவர் அப்படிச் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினாலும், சும்மா முகத்தோடு நீட்டுவதைவிடப் பூனை கிட்ட வருவது கூட. விழித்துப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணை மூடிக் காட்டுவது "உன்னால் எனக்குப் பயமில்லை" என்பது. மகள் அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசியில் காட்டிச் சிரித்தாள். 10 வருடத்துக்கு முதலே அவளுக்குத் தெரிந்த விசயம்.

சத்தங்களுக்கு வருவோம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் "மியாவ்" என்று பேசிக்கொள்வது மிகவும் குறைவு. குட்டி தாயைக் கூப்பிடும் சத்தம் அது. வளர்ந்த பிறகும் மனிதரிடம்தான் அதைத் தொடர்கிறது. மீனாச்சிக்கு வேறு வேறு மியாவ் இருந்தது. படலைத் திறக்கச் சொல்லும் மியாவ் ஒன்று, மழை நிற்கவில்லை என்று என்னைக் குற்றம் சொல்லும் மியாவ் இன்னொன்று. விடியற்காலையில் தலைமாட்டில் வந்து "குர்ர்" என்று இழுக்கும் ஓசைக்குள் மெல்லிய அழுகை ஒன்று கலந்திருக்கும். எழும்பாமல் படுத்திருக்க முடியாது. அதையும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். சாப்பாடு கேட்கும்போது பூனை போடும் குர்ர் ஓசைக்குள், குழந்தை அழும் சுருதிக்குக் கிட்டிய ஒரு குரல் இருக்கிறதாம். பூனை வளர்க்காதவர்கள்கூட அதன் அவசரத்தை உணர்ந்தார்களாம். அந்த ஆராய்ச்சி வெளிவந்தது 2009 இல். மகள் ஆண்டை வாசித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்கள் பங்கருக்குள் இருந்த வருடத்தில் உலகத்தின் இன்னொரு பக்கத்தில் பூனையின் குரலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி ஒரு வேலைக்கு நேரமும் அமைதியும் உள்ள இடங்கள் அப்போதும் இருந்தன என்பது ஒருவகையில் ஆறுதலாகத்தான் இருந்தது.

வருடப் பிறப்புக்கு வெடி கொளுத்தினால் மீனாச்சி பெட்டிக்குள் போய்விடும். பூனையின் காது நம்மைவிட மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்த சுருதியையும் கேட்கும். வெடி நின்ற பிறகும் அது வெளியே வர நேரம் எடுக்கும். வால் இன்னும் கீழே இருக்கும், காதுகள் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பும். இழுத்து வெளியே எடுப்பதில்லை. எனக்கும் வெடிச் சத்தம் ஒத்துவராது. இரண்டு பேருமாக உள்ளே இருப்போம்.

2012 இல் அது மூன்று குட்டி போட்டது. ஒரு கிழமைக்குள் குட்டிகளை வாயில் கவ்வி மூன்று தரம் இடம் மாற்றியது. ஆள் நடமாட்டமோ சத்தமோ கூடினால் தாய்ப்பூனை அப்படிச் செய்யும். "உவளும் இடம்பெயருறாள் பார்" என்று மாமி சொல்ல, வந்திருந்த அயல் பெண்கள் எல்லாம் சிரித்தோம். நாலாம் தரம் குட்டிகளைக் கொண்டுவந்து போட்ட இடம் என் பாய்.

நன்றிக் கதைக்கு 2019 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பதில் கிடைத்தது. புதிய அறை ஒன்றில் பூனையை வளர்ப்பவரோடு 2 நிமிடம் விட்டார்கள். பிறகு 2 நிமிடம் தனியே. பிறகு வளர்ப்பவர் திரும்பி வந்தார். கைக்குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறியச் செய்யும் சோதனை போன்றது. ஏறக்குறைய 65 வீதமான பூனைகள் வளர்ப்பவரைக் கண்டதும் பதற்றம் தணிந்து, அவரிடம் வந்துவிட்டுப் பிறகு நிம்மதியாக அறையைச் சுற்றிப் பார்த்தன. குழந்தைகளிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நாய் போல ஓடிவந்து பாயாது. வந்து ஒருமுறை தொட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். மகள் விடுதியிலிருந்து வரும் நாட்களில் மீனாச்சி செய்ததும் அதுதான். அவளுடைய பையை மணந்து, காலில் ஒரு தேய்ப்பு, பிறகு வாங்கில் ஏறிப் படுத்துவிடும். அவள் வீட்டில் இல்லாத கிழமைகளில் அந்த வாங்கில் படுக்காது.

2023 இல் அதற்கு முடியாமல் வந்தது. மடியில் இருந்து குர்ர் என்று இழுத்தபடியே இருந்தது. பார்த்தவர்கள் "சந்தோசமா இருக்குது" என்றார்கள். பூனை நோவிலும் அந்த ஓசையைப் போடும். உடம்பை நக்கித் துப்புரவாக்குவதை நிறுத்தியிருந்தது, மயிர் சடைத்திருந்தது, கண் பாதி மூடியபடி மூலை தேடியது. சிறுநீரகம் பழுது, வயதான பூனைகளுக்கு வருவதுதான் என்றார் கால்நடை வைத்தியர். 12 நாளில் போய்விட்டது. மகள் வந்து சேர்ந்துதான் புதைத்தோம்.

இப்போது அயலில் யாருடைய பூனையாவது ஒதுங்கிப் படுத்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். சாப்பிட்டதா, சிறுநீர் போனதா என்று கேட்பேன். போன மாதம் ஒரு தங்கச்சியின் கடுவன் மண்ணில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கியது, ஒரு சொட்டும் வரவில்லை. கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் ஒருநாள் இரண்டு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று எண்ணெய் பருக்க நின்றவளை, உடனே வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னேன். பிழைத்துவிட்டது. பின்னேரங்களில் இப்போது எங்கள் குசினி யன்னலில் வந்து குந்துகிறது. மீன் தலை போட்டால் தின்னும். என்னைக் கண்டு வால் மட்டும் இன்னும் தூக்கவில்லை.