மறுதாம்பு

செட்டி ஜகன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மூர்ச் செட்டியார் யாரோ கப்பலேறிப் போயிருக்கார் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. தென்னமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் கயானாவின் ஜனாதிபதி அவர். பெற்றோரின் பூர்வீகம் உத்தரப்பிரதேசத்தின் பஸ்தி மாவட்டம். 1901-ல் கைக்குழந்தைகளாகக் கூலிக் கப்பலில் போனவர்கள். 1838-லிருந்து 1917 வரை அப்படிப் போன இந்தியர்கள் இரண்டே கால் லட்சத்துக்கும் மேல். மதராஸிலிருந்து கப்பலேறிய நம்ம ஆட்களும் அதில் உண்டு. பெர்பிஸ் பகுதியில் இன்றும் 'மதராஸி' என்றே ஒரு கூட்டம் இருக்கிறது, மாரியம்மன் கும்பிடு இருக்கிறது.

கணியூரில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆளைப் பற்றி நான் ஏன் எழுதணும்? கரும்புதான் காரணம். அமராவதித் தண்ணி பாயும் இந்தப் பக்கத்து வயல்களிலிருந்து கிருஷ்ணாபுரம் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சோகை கையைக் கிழிப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். கரும்புக்காட்டில் பிறந்த ஒருத்தர் ஒரு நாட்டுக்கே தலைவரானார் என்று படித்தபோது, அந்தக் காட்டிலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார் என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது.

1918 மார்ச் 22, போர்ட் மௌரண்ட் தோட்டத்தில் பிறப்பு. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கலாம். ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். அப்பா கரும்பு வெட்டினவர், பிறகு மேஸ்திரி ஆனார். கையில் இருந்த காசைத் திரட்டிப் பையனை 1936-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். பையன் லிஃப்ட் ஓட்டுவது போன்ற வேலைகளைச் செய்து படித்தான். சிகாகோவில் பல் மருத்துவப் பட்டம் வாங்கி, ஜேனட் ரோசன்பர்க் என்ற அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு 1943-ல் ஊர் திரும்பினான். ஜார்ஜ்டவுனில் கிளினிக் போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

1948 ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். அவர்களுடைய இறுதி ஊர்வலத்தில் நடந்த ஜகன், அந்த நாள்தான் தன் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று பின்னாளில் எழுதினார்.

1950-ல் கறுப்பினத் தலைவர் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமோடு சேர்ந்து மக்கள் முற்போக்குக் கட்சி. 1953-ல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தல், 24 இடங்களில் 18 வெற்றி. ஆட்சி நீடித்தது 133 நாள். பெரும்பான்மைத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே தீரணும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். பனியன் கம்பெனியில் ஒருநாள் வேலை பார்த்தவருக்கும் அதன் அர்த்தம் புரியும். சர்ச்சில் அரசு கப்பலில் படையை அனுப்பி, அக்டோபர் 9-ல் அரசியல் சட்டத்தையே நிறுத்தி வைத்தது. ஜகனும் பர்ன்ஹாமும் லண்டனுக்குப் போனார்கள், இந்தியாவுக்கு வந்து நேருவைப் பார்த்தார்கள். திரும்பிப் போன ஜகனுக்கு, ஊரை விட்டு வெளியே போகக்கூடாது என்ற உத்தரவை மீறியதற்காகச் சிறை.

1955-ல் கட்சி உடைந்தது. இந்தியர்கள் ஜகன் பக்கம், கறுப்பர்கள் பர்ன்ஹாம் பக்கம். அந்தப் பிளவுக்கு வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே தோட்டத்தில் ஒரே வெயிலில் நின்றவர்களைச் சேர்த்து வைத்திருக்க ஜகனாலும் முடியவில்லை. சாதிக்கொரு வாட்ஸப் குரூப் இருக்கும் ஊரில் வாழ்கிற எனக்கு அது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

1957, 1961 என்று இரண்டு தேர்தலிலும் ஜகனே ஜெயித்தார். கென்னடியைப் பார்க்க வாஷிங்டன் போனார். டிவி பேட்டியில் சோவியத்தை விமர்சிக்கச் சொல்லிக் கேட்டதற்கு நேரான பதில் சொல்லவில்லை. கென்னடிக்கு அதோடு மனசு விட்டுப்போயிற்று. பிறகு சி.ஐ.ஏ. பணம் உள்ளே வந்தது. 1963-ல் 80 நாள் பொது வேலைநிறுத்தம், 1964-ல் இனக் கலவரம், நூற்றுக்கும் மேற்பட்ட சாவு. தொழிலாளிக்காகவே கட்சி ஆரம்பித்தவரைத் தொழிற்சங்கங்களை வைத்தே கவிழ்த்தார்கள். பிரிட்டன் தேர்தல் முறையை விகிதாச்சாரத்துக்கு மாற்றியது. 1964-ல் கிட்டத்தட்ட 46 சதவீத ஓட்டு வாங்கி முதலிடத்தில் வந்தும், 53-ல் 24 இடம்தான். கூட்டணி வைத்த பர்ன்ஹாம் நாற்காலியில் உட்கார்ந்தார். 1966-ல் சுதந்திரக் கொடி ஏறியபோது ஜகன் எதிர்க்கட்சித் தலைவர்.

அதற்கப்புறம் 28 வருஷம். தேர்தலுக்குத் தேர்தல் மோசடி. கட்சிப் பத்திரிகைக்குக் காகிதம் கிடைக்கவிடாமல் செய்தார்கள். ஆயுதம் எடுக்கலாம், வெளிநாட்டில் செட்டில் ஆகலாம், எடுத்து வைத்த பல் டாக்டர் கருவிகளைத் திரும்ப எடுக்கலாம். மனுஷன் எதையும் செய்யவில்லை. அந்த நடுப்பகுதிதான் எனக்கு இந்த வாழ்க்கையிலேயே பெரிசு. அவருக்கு நாற்பத்தாறு வயசிலிருந்து எழுபத்துநாலு வரை. ஒரு மனுஷனின் நல்ல காலம் முழுக்க, கள்ள ஓட்டுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியே போனது.

பனிப்போர் முடிந்ததும் காற்று மாறியது. கென்னடியின் ஆலோசகராக இருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர் 1990-ல் ஜகனை நேரில் பார்த்து, அன்று தான் செய்ததற்கு வருத்தம் தெரிவித்தார். வருத்தம் 28 வருஷத்தைத் திருப்பித் தராது. 1992 அக்டோபர் 5, ஜிம்மி கார்ட்டர் கண்காணிப்பில் தேர்தல். ஜகன் ஜனாதிபதி.

கிடைத்ததோ கடனில் முங்கிய நாடு. வருமானத்தில் பெரும்பகுதி வட்டிக்கும் தவணைக்குமே போனது. பழைய கனவில் பாதியைக்கூட அவரால் செய்ய முடியவில்லை. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று மேடை மேடையாகக் கேட்டார். 1997 மார்ச் 6-ல் இறந்தார். அதுவும் வாஷிங்டனில், ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில். உடலைப் பெர்பிஸுக்குக் கொண்டுபோய், பிறந்த ஊர்ப் பக்கமே எரித்தார்கள். அதே வருஷம் ஜேனட் ஜனாதிபதியானார்.

வெட்டின கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்து வருவதை எங்கள் பக்கம் மறுதாம்பு என்போம். முதல் வெட்டு அளவுக்கு எடை நிற்காது, விவசாயிக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டையை யாரும் தோண்டி எறிவதில்லை, தண்ணி விடுவார்கள். ஜகனுக்குக் கிடைத்த கடைசி நாலரை வருஷத்தை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோல்வி என்றும் வரவில்லை. 1992-ல் வரிசையில் நின்ற கயானாக்காரர்களில் பலர், தங்கள் ஓட்டு சரியாக எண்ணப்பட்டதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார்கள். அவர் அறுத்துக் கொடுத்தது அவ்வளவுதான்.