மலையை மறைக்கும் பனி

போளூரிலிருந்து மேற்கே பார்த்தால், தெளிந்த நாளில் ஜவ்வாது மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். மார்கழி விடியலிலோ அது இருந்த இடமே தெரியாது. வெட்டவெளியில் லேசர் கற்றை வழியே செய்தி அனுப்பும் முயற்சிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இந்தப் பனிதான் என் நினைவுக்கு வருகிறது.

எண்ணம் பழையது. 1880இல் கிரகாம் பெல் சூரிய ஒளியில் குரலை ஏற்றி 200 மீட்டருக்கும் அப்பால் கேட்கச் செய்தார். 2021இல், சென்னையில் வளர்ந்த மகேஷ் கிருஷ்ணசுவாமி தலைமையிலான 'தாரா' திட்டம், காங்கோ நதியின் எதிரெதிர்க் கரைகளிலுள்ள பிரசவில், கின்சாசா நகரங்களை 4.8 கிலோமீட்டர் ஒளிப்பாலத்தால் இணைத்தது. 20 நாளில் 700 டெராபைட் கடந்து சென்றது.

மழையைக் காட்டிலும் மூடுபனியே ஒளிக்குப் பெரும் பகை. மழைத்துளி பெரிது, எண்ணிக்கையில் குறைவு. பனித்துளிகள் மைக்ரான் அளவில் எண்ணற்றவை. ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்துவிடும். அடர்ந்த பனியில் இழப்பு கிலோமீட்டருக்கு 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடும். அதாவது, அனுப்பிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது. (கார்த்திகை தீபத்தை மேகம் மறைத்த ஆண்டில் திருவண்ணாமலைச் சீமைக்காரர்கள் பட்ட ஏமாற்றம் இதற்குச் சொந்தந்தான்.)

பனி இல்லாத பகலில் வேறு தொல்லை. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று ஒளிவிலகலைக் கணந்தோறும் மாற்ற, கற்றை அலைகிறது, மினுங்குகிறது. விண்மீன்கள் கண்சிமிட்டுவதும் இதனால்தான். இதே மலைத்தொடரில், 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகத்தை அமைத்த வைணு பாப்பு இந்தச் சிமிட்டலோடு மல்லாடியவர். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல், அவர் மறைந்த பிறகே, திறக்கப்பட்டது. ஆனால் வானியலாளருக்கு ஒரு வசதி உண்டு: நெடுநேரம் ஒளியைச் சேர்த்துக்கொள்ளலாம், மறுநாளும் வரலாம். செய்திக்கு அந்த அவகாசமில்லை. நொடிக்கு 20 கிகாபிட் செல்லும் இணைப்பு ஒரு மில்லிநொடி மங்கினால் 2 கோடி பிட்டுகள் போய்விடும்.

மலைக் கிராமங்களுக்கு இது வாய்க்குமா என்பதே என் கேள்வி. பாறைக்குப் பாறை இழை பதிப்பதைவிட இரு முகடுகளில் இரு கருவிகளை நிறுத்துவது எளிது. என்றாலும் பிரசவ வலி பனி விலகும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே துணைக்கு மில்லிமீட்டர் அலை ரேடியோ வேண்டும். அதைக் கனமழை வாட்டும், பனி அவ்வளவாக வாட்டாது. இரண்டும் சேர்ந்தால் செலவு கூடும். ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு இயங்கும் என்று கணக்குக் காட்டுபவர்களிடம், மார்கழியில் காலை ஐந்து முதல் எட்டு மணிவரைக்கான கணக்கைத் தனியே கேட்கவேண்டும்.