கல்லறையிலிருந்து நீளாத கை

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழியைக் கேளாத செவி தமிழகத்தில் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகர் அவர்; உமறுப்புலவரைப் புரந்த வள்ளல். அவர் மறைந்தபின் பரிசில் நாடி வந்த புலவர் கதறியழ, கல்லறை பிளந்து ஒரு கை நீண்டதாம். விரலிலே மோதிரம் மின்னியதாம்! சிறுவயதில் இக்கதையை எனக்குச் சொன்னவர் என் பாட்டி. "பிணம் எப்படிப் பாட்டி கை நீட்டும்?" என்று கேட்டேன். தலையில் குட்டு விழுந்தது, விடை விழவில்லை.

எங்கள் சிற்றூர் கீழக்கரைக்கு அருகே, கடலும் பனையும் கை கோக்கும் இடம். என் தமக்கை படிப்பிலே நெருப்பு. பள்ளியிறுதி வகுப்பில் தேறி நின்றார், 1970-களில். அடுத்து? கல்லூரி என்றால் வெளியூர். வெளியூர் என்றால் விடுதி. "வயது வந்த பெண்ணைக் கண்காணாத ஊருக்கு அனுப்புவதா?" என்றார் தந்தை. தந்தை கொடியவர் அல்லர்; ஊர்வாய்க்கு அஞ்சியவர். அந்த அச்சத்திற்குப் பலியானது ஒரு பட்டம். பேனா பிடித்த விரல்கள் பனையோலை முடையத் தொடங்கின.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இராமேசுவரத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்களை நிறுத்தி நெடும் பிரகாரம் எழுப்பினர் சேதுபதி மன்னர்கள். அம்மரபினர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளீந்ததையும் மறவேன். நன்றி மறத்தல் நமக்கு அழகன்று. ஆனால், அத்தனை கல்லிலே நான்கு கல்லை ஒதுக்கி, இந்தக் கரையின் பெண்ணுக்கு ஒரு வகுப்பறை கட்டியிருக்கலாகாதா?

கீழக்கரையில் 1927-இல் பிறந்தவர் பி.எஸ். அப்துர் ரகுமான். முத்தும் மணியும் விற்கக் கடல் கடப்பது அவ்வூருக்குப் புதிதன்று, அவரும் கடந்தார். ஈட்டிய பொருளைப் பெட்டகத்தில் பூட்டாமல் செங்கல்லிலும் சிமெண்டிலும் இறக்கியதுதான் புதுமை. சென்னையின் முதல் மேம்பாலம், 1973-இல் அண்ணாவின் பெயர் தாங்கித் திறக்கப்பட்டதே, அதைக் கட்டியது அவர் நிறுவிய ஈஸ்ட் கோஸ்ட் கட்டுமான நிறுவனம். ஆள்வோர் திட்டமிட்டனர், நம் கடற்கரை மனிதர் கட்டினார். 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி எழுந்தது. இவையெல்லாம் பெருமைதான், என் கண் நிலைகுத்தி நிற்பது வேறொன்றில்.

1988. கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி! பெண்ணை வெளியூருக்கு அனுப்பத்தானே அஞ்சினீர்கள்? இதோ, கல்லூரியே ஊருக்கு வந்துவிட்டது. இனி என்ன சாக்கு? என்று அக்கட்டடம் கேட்பதுபோல் இருந்தது எனக்கு. சில ஆண்டுகளில் தமக்கையின் மகள் காலையில் பேருந்தேறி அங்கு சென்றாள், மாலையில் புத்தகத்தோடு திரும்பினாள். ஊர்வாய் அடைத்துப்போயிற்று. சொற்பொழிவுகள் சாதிக்காததை ஒரு பேருந்துப் பயணம் சாதித்தது. மேடையில் தொண்டை வறள முழங்கிய எனக்கே வெட்கமாக இருந்தது.

எனினும் ஒரு வழக்கு உண்டு. கல்வி உரிமையா, ஒருவர் ஈகையா? வள்ளல் பிறவாத ஊரின் பெண் என்ன செய்வாள்? அரசு செய்யவேண்டியதைச் செல்வர் செய்தார் என்று கைதட்டிவிட்டு அரசை விட்டுவிடக் கூடாது. இதை அவருடைய கல்லூரி வாயிலிலேயே நின்று சொல்வேன். ஆனால் உரிமை வந்துசேரும்வரை அந்தப் பெண் திண்ணையில் காத்திருக்க வேண்டுமோ? என் தமக்கை காத்திருந்தார். வயதுதான் போயிற்று.

2015 சனவரி 7-இல் அப்துர் ரகுமான் மறைந்தார். எந்தக் கையும் மண்ணைப் பிளந்து வரவில்லை, வரவும் வராது. கல்லூரி வாசலில் பேருந்துகள் மட்டும் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டேயிருந்தன. பாட்டி இருந்திருந்தால் விடையைக் காட்டியிருப்பேன். இன்னொரு குட்டும் வாங்கியிருப்பேன்.

அவ்வாண்டு தமக்கையை அங்கே அழைத்துச் சென்றேன். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டாமல், ஒரே மூச்சில் படித்தார். பிறகு சுவரைத் தடவிப் பார்த்து, "கொடுத்தவர் பெயர் இருக்கிறது, நல்லது. சுமந்தவர்கள் பெயர் எங்கே தம்பி?" என்றார். அந்தச் சுவருக்குச் சாந்து சுமந்தவர்களில் எங்கள் தெருப் பெண்கள் இருவர் உண்டு. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.