செட்டிநாட்டுப் பழைய வீட்டை வாங்கியபின்

செட்டிநாட்டு வீடுகளில் அலங்காரம் கட்டடத்திலேயே இருக்கிறது. முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், நிலைக்கு மேலே மரச்சிற்பம், வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம், காலடியில் ஆத்தங்குடிக் கல். புதிதாகக் குடிவருபவர் சேர்க்க வேண்டியது குறைவு. காக்க வேண்டியதே அதிகம்.

தரையிலிருந்து தொடங்கலாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் மினுக்கம். நடக்க நடக்க மெருகேறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் கெட்டுவிடும். இவ்வளவு அழகான பூவேலையைக் கம்பளத்தால் மூடுவது அநியாயம்.

சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிரும். பலர் செய்யும் பெரும்பிழை இது.

தரையும் தூணும் இத்தனை பேசும்போது திரைக்கும் மெத்தைக்கும் ஒற்றை நிறக் கைத்தறியே பொருந்தும். முற்றத்தை ஒட்டி ஓர் ஊஞ்சல் போதும்.

தூணில் வண்ணம் பூசுமுன் உள்ளூர் ஆசாரியை ஒருமுறை கேளுங்கள்.