முதலில் மவுஸ் அம்பைப் பாருங்கள்

வீடியோ சரியாகத் தெரியவில்லை என்று யாராவது கூப்பிட்டால், போனிலேயே ஒன்று கேட்பேன்: "வீடியோ ஓடும்போது மவுஸை அது மேல கொண்டு போங்க. அம்பு வெள்ளையா இருக்குதுங்களா, இல்ல அதுவும் நிறம் மாறியிருக்குதுங்களா?"

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். வீடியோ பச்சையாக ஓட, அம்பு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நின்றால், மானிட்டர் மீதும் கேபிள் மீதும் குற்றமில்லை. அம்பும் சேர்ந்து மஞ்சளடித்திருந்தால் வீடியோவை நோண்டுவதில் பயனில்லை. டேபிளுக்குப் பின்னால் கையை விட வேண்டியதுதான். பழைய விஜிஏ கேபிளில் 15 பின்கள். முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். நீலம் போகிற பின் வளைந்தால் திரை முழுக்க மஞ்சள். பச்சை போனால் கத்தரிப்பூ நிறம். சிவப்பு போனால் எல்லா முகமும் நீலம் பாய்ந்து கிடக்கும்.

அம்பில் தெளிவாகவில்லை என்றால் பிரின்ட் ஸ்கிரீன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். என் போனில் அந்தப் படம் நன்றாக இருந்தால், கம்ப்யூட்டர் சரியான படத்தைத்தான் தயாரிக்கிறது, வெளியே போகிற வழியில் கெடுகிறது என்று அர்த்தம். காசு கட்டிப் பார்க்கும் சில ஆப்களில் வீடியோ இருக்கும் இடம் மட்டும் கறுப்பாக விழும். அது காப்பிரைட் பூட்டு, கோளாறு அல்ல.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில் செய்பவனுக்கு வேலை வரும் வழி கொஞ்சம் தனி. சத்தி ரோட்டிலும் கீரணத்தம் பக்கமும் ஐ.டி. கம்பெனிகள். கம்பெனிகள் கழித்துவிடும் டெஸ்க்டாப்கள் செகண்ட் ஹேண்டாக வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. நல்ல உழைப்பாளி மெஷின்கள்தான். எக்செல்லுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. பேத்தி பிறந்தநாளைப் புதுப் போனில் எடுத்து இதில் போட்டால்தான் சிக்கல்: சத்தம் ஓடும், படம் நின்று நின்று நகரும்.

காரணம் எளிது. இப்போதைய போன்கள் பல, ஹெச்.இ.வி.சி. என்ற முறையில் வீடியோவைச் சுருக்குகின்றன. 2013-இல் வந்த தரம் அது. ஐபோன் 2017-இல் அதற்கு மாறியது. அதை விரிக்கும் முழுமையான தனிச் சுற்று இன்டெல் சிப்களில் 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் சேர்ந்தது, 10-பிட் வீடியோவுக்கு ஏழாம் தலைமுறையில். அதற்கு முந்தைய மெஷினில் அத்தனை பாரமும் பிராசஸர் தலையில் விழுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். போன் கேமரா செட்டிங்கில் பழைய ஹெச்.264 முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஒரு பிரதி மாற்றிக்கொள்ளலாம்.

பச்சைத் திரையின் கதை வேறு. வீடியோ சிவப்பு-பச்சை-நீலமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒளி அளவு ஒன்று, நிற வித்தியாசம் இரண்டு என்று மூன்று எண்கள். நிற வித்தியாசத்தில் நிறமே இல்லாத நடுப்புள்ளி 128. விரிக்கும் சுற்று எதையுமே எழுதாமல் விட்டால் மூன்றும் பூஜ்யமாக இருக்கும்; அந்தப் பூஜ்யத்தைக் கணக்குப்படி நிறமாக்கினால் கறுப்பு வராது, பச்சை வரும். ஆகவே பச்சை தெரிந்தால், விரிக்கும் இடத்திலிருந்து படம் வந்து சேரவில்லை என்று படித்துக்கொள்வேன். விஎல்சியில் ஹார்டுவேர் டீகோடிங்கை அணைத்துப் பார்ப்பேன். உடனே சரியாகிவிட்டால் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான். டிவைஸ் மேனேஜரில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்" என்று இருந்தால், டிரைவரே போடாமல் யாரோ விண்டோஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் அங்கேதான். எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் போட்டுடலாம்" என்பது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். பிள்ளை தவழ்ந்த வீடியோ, இறந்துபோன பெரியவர் குரல் என்று வேறெங்கும் பிரதி இல்லாதவை வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கும். ஒரு டிக் எடுத்தால் சரியாகும் கோளாறுக்காக ஒரு குடும்பத்தின் நினைவை அழிக்க நமக்கு என்ன உரிமை?

கல்யாண டிவிடி கொண்டுவந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏனுங் தம்பி, இணைச்சீர்ல எங்கப்பாரு கையை அசைக்கறப்ப மட்டும் கோடு கோடா வருதே. டிஸ்க் தேஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்கம்மா. டிஸ்க் நல்லாத்தான் இருக்குதுங்க."

ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அசையாத மணவறைத் தூண் சுத்தமாக இருந்தது. கை நகரும் விளிம்பில் மட்டும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள். நம் ஊர் டிவிடியில் விநாடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் 576 வரி. ஆனால் அந்த வரிகள் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம், ஐம்பதில் ஒரு விநாடி இடைவெளியில். பழைய டியூப் டிவி அதே வரிசையில் வரைந்ததால் கண்ணுக்குப் படவில்லை. எல்சிடி இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, அந்த இடைவெளியில் கை நகர்ந்த தூரம் கோடாகத் தெரிகிறது. விஎல்சியில் டீஇன்டர்லேஸ் ஆன் செய்து, யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுத்தேன். கோடு போனது மட்டுமல்ல, விநாடிக்கு ஐம்பது அசைவும் தனித்தனியாக விரிந்து, அந்தக் கை டிவியில் பார்த்த அதே வழுவழுப்போடு நகர்ந்தது. முகங்கள் அகலமாக இழுபட்டிருந்தன; ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்கியதும் அதுவும் சீரானது.

டிஸ்க்கில் இருந்த ஃபோல்டரை அப்படியே இரண்டு இடத்தில் காப்பி செய்து கொடுத்தேன். எம்பி4 ஆக மாற்றித் தரச் சொன்னால் மாற்றித் தருவேன், டீஇன்டர்லேஸ் செய்து 50 ஃபிரேமில். அதைச் செய்யாமல் மாற்றினால் கோடுகள் படத்திலேயே பதிந்துபோகும், பிறகு சுத்தமாக எடுப்பது கஷ்டம். அதனால் எம்பி4 கையில் இருந்தாலும் பழைய ஃபோல்டரை அழிக்க வேண்டாம் என்று அந்தம்மாவிடம் சொல்லி, பென்டிரைவ் மேல் அதையே எழுதி ஒட்டியும் கொடுத்தேன்.