இரண்டு வெறுமை சேர்ந்தால் பன்னிரண்டு

என் இல்லத்துப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்தது. ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டைகள், மரத்தாலான பல்லாங்குழி, ஒரு சுருக்குப்பை நிறையப் புளியங்கொட்டைகள், மடித்த இடமெல்லாம் வெளுத்துப்போன ஒரு பரமபத சோபான படம் ஆகியவை அதனுள் இருந்தன. என் மனைவி தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை அவை. அவற்றைப் பரணில் ஏற்றியவன் நான்.

மணமான புதிதில் ஒரு மாலை, அண்டை வீட்டுக் குழந்தைகளை அமர்த்திக்கொண்டு அவள் தாயம் உருட்டிக்கொண்டிருந்தாள். வங்கியிலிருந்து திரும்பிய நான், "தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் இழந்த ஆட்டம் இது. நம் வீட்டில் வேண்டாம்" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. நல்லதையே செய்தோம் என்று நானும் நிறைவடைந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் இறைவனடி சேர்ந்தாள். பெட்டி பரணிலேயே இருந்தது.

நான் வசிப்பது ஓசூரில். மொட்டை மாடியில் நின்றால் சந்திரசூடேஸ்வரர் எழுந்தருளியிருக்கும் மலை தெரியும். மறுபுறம் சிப்காட் தொழிற்சாலைகள். சிறிது தூரத்தில் கர்நாடக எல்லை, அதற்கப்பால் அத்திப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தொன்றுதொட்டே கலந்து ஒலிக்கும் ஊர் இது. இப்போது பிழைப்புத் தேடி வந்தவர்களின் ஒடியாவும் இந்தியும் சேர்ந்துவிட்டன. தந்தைக்கு இரவு ஷிப்டு, தாய்க்குப் பகல் ஷிப்டு என்றிருக்கும் வீடுகளில் குழந்தைகளுக்குத் துணை கைப்பேசி மட்டுமே.

எங்கள் குடியிருப்பில் சிறியதொரு பெருமாள் கோயில் உண்டு. ஈராண்டுகளுக்கு முன் வைகுண்ட ஏகாதசி நெருங்கியபோது அர்ச்சகர் என்னிடம், "சார், இரவு கண்விழிக்க நம்மைப் போன்ற முதியோர் இருபது பேர்தாம் வருகிறோம். குழந்தைகளையும் வரவழைக்க ஏதாவது செய்யுங்களேன்" என்றார். ஏகாதசி இரவில் பரமபதம் ஆடிக் கண்விழிப்பது நம் முன்னோர் வழக்கம் என்பது நினைவுக்கு வந்தது. பெட்டியும் நினைவுக்கு வந்தது. அதை இறக்கித் துடைக்கையில் என் கை நடுங்கியது.

விடியலில் சொர்க்கவாசல் தரிசனம் முடிந்த அன்றிரவு, மண்டபத்தின் நான்கு மூலைகளில் நான்கு ஆட்டங்களைத் தொடங்கினோம். ஒரு மூலையில் பரமபதம், ஒரு மூலையில் பல்லாங்குழி. மற்ற இரண்டில் சுண்ணக்கட்டியால் தாயமும் ஆடுபுலியும் வரைந்தோம். "இது எங்கள் வைகுண்டபாளி அல்லவா!" என்று தெலுங்கு பேசும் பாட்டியம்மாள் ஒருவர் பரமபதத்தின் முன் அமர்ந்தார். பல்லாங்குழியைக் கண்ட கன்னடத்து அம்மையார், "அளகுளி மணெ" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பெயர்தான் வேறு, குழிகள் அதே பதினான்கு. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எந்த மொழியும் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் உள்ளே பழைய உறுத்தல். தூணருகே ஒதுங்கி நின்றேன். அதைக் கண்ட பாட்டியம்மாள், "திருமலையில் ஹாதிராம் பாவாஜியோடு சொக்கட்டான் ஆடியவர் யாராம்?" என்று கேட்டார். வடநாட்டிலிருந்து வந்த அந்த பக்தரின் குடிலுக்கு வேங்கடவனே இரவில் வந்து ஆடினான் என்பதும், விட்டுச் சென்ற அணிகலனால் பாவாஜிமீது திருட்டுப் பழி விழுந்தது என்பதும், ஓர் அறை நிறைந்த கரும்பை ஓர் இரவில் தின்னுமாறு விதிக்கப்பட்டபோது யானை வடிவில் வந்து பெருமான் காத்தான் என்பதும் அன்பர்கள் அறிந்த வரலாறு. 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயில் நிர்வாகம் அவர் பெயரால் அமைந்த மடத்து மகந்துகளிடமே இருந்தது.

கன்னடத்து அம்மையார் தம் பங்குக்கு மைசூரைச் சொன்னார். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) சிறந்த பக்தர். பல கட்ட விளையாட்டுகளைத் தாமே வகுத்தவர். தெய்வத் திருவுருவங்களை விளக்கும் அவரது ஸ்ரீதத்வநிதியின் ஒன்பதாம் பகுதியான கௌதுக நிதியில் விளையாட்டுகளுக்கும் இடம் அளித்தார்.

அப்போதுதான் என் பிழை எனக்குப் புரிந்தது. வள்ளுவப் பெருந்தகை 94ஆம் அதிகாரத்தில் கடிந்தது சூதை. தருமபுத்திரரை வீழ்த்தியது பணயம், கட்டை அன்று. பணயமில்லாத இடத்தில் அது குழந்தையும் கிழவனும் சமமாக அமரும் பலகை மட்டுமே.

தாயக்கட்டையில் ஒரு பக்கம் வெறுமை. மற்ற பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் எட்டு வயது மகன் வெகுநேரமாகத் தாயம் விழாமல் காத்திருந்து, ஒருவாறு உள்ளே நுழைந்திருந்தான். அடுத்து உருட்டியபோது இரண்டு கட்டைகளிலும் வெறும் பக்கமே மேலே நின்றது. "ஜீரோ" என்று முகம் வாடினான். பாட்டியம்மாள் கைதட்டி, "பன்னிரண்டு! இன்னொரு முறை உருட்டு!" என்றார். அர்ச்சகர் சிரித்தபடி, "நாளை துவாதசி. பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது" என்றார்.

முப்பத்தாறு ஆண்டுகள் பேரேடு கூட்டியவன் நான். பூஜ்யத்தோடு பூஜ்யம் சேர்ந்தால் பூஜ்யம் என்பதே என் கணக்கு. இது எப்படி என்று கேட்டேன். "அது அப்படித்தான் சார், என் பாட்டி சொல்லிக்கொடுத்தது" என்றார் அவர். எனக்கு மட்டும் வேறொன்று தோன்றியது. என்னுடையது என்று ஒன்றுமில்லாமல் இரு கைகளையும் விரித்து நிற்பவனுக்கே பெருமான் மிகுதியாக அளிக்கிறான். இந்தக் கணக்கு என் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாலை அவளருகே அமர்ந்திருந்தால் எனக்கும் சொல்லியிருப்பாள்.

அன்று முதல் மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலை கோயிலில் இவ்விளையாட்டு நடைபெறுகிறது. விதிகள் மூன்றுதாம். காசோ பரிசோ கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முதியவர் ஜோடி. அவர் தம் பேரனாகவோ பேத்தியாகவோ இருத்தல் கூடாது. தீபாராதனை மணி ஒலித்தால் ஆட்டம் எந்நிலையில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். சென்ற மாதம் பரமபதத்தில் உச்சிக்கு அருகே பெரிய பாம்பு என்னை விழுங்கிக் கீழே இறக்கிவிட்டது. என் ஜோடியான சிறுமி, "பரவாயில்லை தாத்தா, ஏணி இருக்கு" என்றாள்.

தகரப் பெட்டி இப்போது பூஜை அலமாரியின் கீழே இருக்கிறது. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். அதைக் கொண்டுவந்தவர் உடனிருக்கும்போதே இறக்கி, எதிரே அமர்ந்து ஒரு முறை உருட்டுங்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. உங்களுக்கு வாய்க்க வேங்கடவன் அருள்புரிவானாக.